சுங்கை சிப்புட்டில் அப்பாவின் மளிகைக் கடையை எடுத்து நடத்தலாமா?

அப்பா நாற்பது ஆண்டுகளாக சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், அவருக்கு 68 வயதாகிறது, வரிசையில் இருந்த பழைய கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன, ஷா ஆலாமில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நான் போய்க் கடையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை மறுபடியும் படித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பது தெரிந்தது. அப்பா எடை குறைத்ததில்லை, யாரையும் ஏமாற்றியதில்லை, பொழுது விடிவதற்கு முன்பே கடையைத் திறந்தார். அப்புறம் ஏன் வியாபாரம் இப்படிக் கரைந்துபோனது? இதற்கு விடை தெரிந்தால்தான் கடையை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறப் பட்டணங்களில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக் கடை, பூக்கடை, தையல் கடை என்று பலருடைய வரவு செலவு என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. வரிக் கணக்கு முடிக்கும்போது, அந்தக் கடையில் தினமும் நிற்பவர் கண்ணுக்கே படாத சில விஷயங்கள் தாளில் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன். உங்கள் கடைக் கணக்கை நான் பார்த்ததில்லை. ஜொகூர், கெடா பக்கத்து நிலவரமும் என் அனுபவத்துக்கு வெளியே இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று. தோட்டப்புற மளிகைக் கடை அரிசி பருப்பை விற்று மட்டும் வாழ்ந்ததில்லை. ஒரு சம்பளத்திலிருந்து அடுத்த சம்பளம் வரை ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் உண்மையான தொழில். ரப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். வருமானம் மேலும் கீழுமாக இருக்கும், ஆனால் வீட்டில் தினமும் அடுப்பெரிய வேண்டும். அந்த இடைவெளியை அடைத்தது 555 நோட்டுதான். சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டைப் பார்க்காத மலேசியர் இருக்க மாட்டார். வாங்கியதை எழுதிவைத்து, சம்பளத்தன்று கூட்டிப் பார்த்துக் கொடுப்பார்கள். கொஞ்சம் கொடுத்து மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதும் உண்டு. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்குச் சில காசு கூடுதலாக ஒரு விலை என்பது பல கடைகளில் இருந்த வழக்கம். யாரும் அதை வட்டி என்று சொல்லவில்லை, ஆனால் கடையின் இலாபத்தில் ஒரு நல்ல பங்கு அங்கேதான் இருந்தது.

இந்தக் கடன் திரும்பி வந்ததற்கு மனித குணம் மட்டும் காரணமில்லை. எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), சம்பளம் எந்தத் தேதி ஆகிய மூன்றும் கடைக்காரருக்குத் தெரியும். வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும், அதனால் வசூல் தேதியும் நிச்சயம். வீடு வேலையோடு கட்டுண்டிருந்ததால் யாரும் சட்டென்று ஊரைவிட்டுப் போக முடியாது. அப்பாவின் நேர்மை பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நேர்மை வேலை செய்வதற்கு ஒரு தளம் இருந்தது. அந்தத் தளம்தான் போய்விட்டது.

அது ஒரே நாளில் போகவில்லை. சுங்கை சிப்புட் கடைக்காரர்கள் பல சோதனைகளைத் தாண்டியவர்கள். 1948இல் அவசரகாலம் தொடங்கக் காரணமான கொலைகள் நடந்தது இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில்தான். அந்த ஆண்டுகளில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகக்கூடாது என்று, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவைத் துளையிட்டுத்தான் விற்க வேண்டும், யாருக்கு என்ன விற்றோம் என்று பதிவு வைக்க வேண்டும் என்றெல்லாம் கடைக்காரர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்தது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள், தொழிலாளர்கள் சிதறினார்கள். இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான்: தொழிலாளர்கள் மாதாமாதம் போடும் பணத்தில் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவது. கடைக்காரர் பக்கமிருந்து பார்த்தால், ஒரு தோட்டம் உடையாமல் இருந்தால் நூற்றுக்கணக்கான 555 நோட்டுகள் உயிரோடு இருக்கும். அவ்வளவு நேரடியான தொடர்பு அது.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது செம்பனை. ரப்பருக்கு ஒவ்வொரு மரத்துக்கும் கை வேண்டும். செம்பனைக்கு அதே பரப்பில் அதைவிடக் குறைவான ஆள் போதும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஆண்டுகளில் லயங்கள் காலியாகின. பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு என்று தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். ஊரிலேயே தங்கியவர்கள் தாமான் (புதுக் குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறினார்கள். அவர்கள் இடத்துக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பினார்கள். சம்பளம் வங்கிக்குப் போகத் தொடங்கியதும், சம்பளத் தேதியில் கடைத்தெரு நிரம்பும் பழக்கமும் போனது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகு தூர வண்டிகள் பழைய சாலைக்கு வருவது குறைந்தது. நின்று தேநீர் குடித்து, வாழைப்பழச் சீப்பு வாங்கிக்கொண்டு போகும் கூட்டமும் குறைந்தது. கார் வைத்திருக்கும் குடும்பம் அரை மணி நேரத்தில் ஈப்போவில் இருக்கும். அவர்கள் மாதச் சாமானை அங்கே வாங்கிவிட்டு, மறந்துபோன வெங்காயத்துக்கு மட்டும்தான் அப்பா கடைக்கு வருவார்கள். இவை எதையும் அப்பாவால் தடுத்திருக்க முடியாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள், தயவுசெய்து.

இப்போது எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் முடிவு இங்கேதான் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, கடையில் மாதம் 30,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்பனை என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் போகச் சராசரியாக நூற்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி நிற்கிறது என்றால் 3,600 வெள்ளி. வாடகை 900, மின்சாரம் தண்ணீர் 500, வண்டிச் செலவும் சில்லறைச் செலவும் 300 போனால் மீதி 1,900. இந்த இடத்தில் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2022இல் 1,500 ஆகி, 2025இல் 1,700 ஆகிவிட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட் முதல் இதே 1,700தான். அதன்மேல் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா தனி. கையில் இருந்த 1,900 போதவில்லை, கடை நட்டத்தில் நிற்கிறது.

அப்படியென்றால் இத்தனை காலம் கடை எப்படி ஓடியது? அப்பாவும் அம்மாவும் சம்பளம் எடுக்காமல் நின்றார்கள், அதனால் ஓடியது. நான் பார்த்த பெரும்பாலான குடும்பக் கடைகளின் கணக்கில் இந்த உழைப்புக்கு ஒரு வரிகூட இருக்காது. நாளைக்கு நீங்கள் போய் நின்றால், அந்த இலவச உழைப்பு உங்களுடையதாக மாறும். உங்கள் இன்றைய சம்பளம், சேமநிதி, மருத்துவச் சலுகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1,900 வெள்ளிக்குப் போகிறீர்கள் என்று அர்த்தம். கடைக் கட்டடம் சொந்தம் என்றால் கதை மாறும் என்பார்கள். பாதிதான் மாறும். வாடகைக்கு விட்டால் வரக்கூடிய பணத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பெரிய மினி மார்க்கெட்டுகளைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 99 ஸ்பீட்மார்ட் 1987இல் கிள்ளானில் ஒரே ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கியது, 2024இல்தான் பங்குச் சந்தைக்குப் போனது. அவர்கள் கையில் இருப்பது மொத்தக் கொள்முதல். ஆயிரக்கணக்கான கிளைகளுக்குச் சேர்த்து வாங்குபவருக்குக் கிடைக்கும் விலை, ஈப்போ மொத்த வியாபாரியிடம் வாங்கும் அப்பாவுக்குக் கிடைக்காது. டின் பால், சவர்க்காரம், பிஸ்கட் போன்றவற்றில் அவர்களோடு விலையில் மோதுவது வீண். கட்டுப்பாட்டு விலைப் பொருள்களிலும் பெரிதாக ஒன்றும் நிற்காது: ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு, சீனி 2 வெள்ளி 85 காசு என்று விலை கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஆளை உள்ளே வரவைக்கத்தான் அவை உதவும்.

இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. அரசாங்க உதவி முன்பு ரொக்கமாக வந்தது, எந்தக் கடையிலும் செலவாகும். இப்போது அதில் ஒரு பகுதி, அடிப்படைப் பொருள் வாங்கத் தரும் சாரா உதவி, அடையாள அட்டையான மைகார்டுக்குள் வருகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லாருக்கும் ஆளுக்கு 100 வெள்ளி போட்டார்கள். பதிவு செய்த கடையில் மட்டும்தான், அதுவும் அடிப்படைப் பொருள்களுக்கு மட்டும்தான் சாரா பணம் செல்லும். பதிவில்லாத மளிகைக் கடைக்காரர் அந்தப் பணம் தன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சிறு கடைகளும் பதிந்துகொள்ளலாம். மைகார்டு வாசிக்கும் கருவியும், பார்கோடு உள்ள பொருள் பட்டியலும் வேண்டும். வயதான கடைக்காரர்கள் இதைப் பார்த்து மலைத்து விட்டுவிடுகிறார்கள். கடையை எடுக்காவிட்டாலும் இந்த ஒரு வேலையை மகளாக நீங்கள் வார இறுதியில் வந்து முடித்துக் கொடுக்கலாம்.

மற்றத் தொழில்கள் மூடியதற்குக் காரணங்கள் வேறு வேறு, எல்லாவற்றையும் மினி மார்க்கெட் தலையில் போட முடியாது. முடிதிருத்தும் கடைகளுக்கும், நகைத் தொழிலுக்கும், துணிக் கடைகளுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை 2009இல் நிறுத்தினார்கள். உள்ளூரில் அந்த வேலைக்குப் பையன்கள் வரவில்லை, நாற்காலி இருந்தும் வெட்ட ஆளில்லாமல் கடைகள் மூடின. 2023இல் மூன்று தொழில்களுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்று அறிவித்தபோது பல கடைகளின் கதவு ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டது. பத்திரிகையை எடுத்துக்கொண்டால், 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. ஒரு பத்திரிகையில் கடைக்காரருக்கு நின்றது சில காசுதான், ஆனால் அதை வாங்க வரும் பெரியவர் வெற்றிலையும் ரொட்டியும் சேர்த்து வாங்குவார். துணி வெளுக்கும் குடும்பங்கள் இருந்த தெருவில் இப்போது 24 மணி நேரமும் காசு போட்டால் ஓடும் இயந்திர டோபி. 2020 மார்ச் 18 அன்று கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கடைகள் விழுந்தன. உறுதியாக நின்ற மளிகைக் கடைகளுக்கு அந்த மாதங்களில் வியாபாரம் கூடியதையும் கணக்கில் கண்டேன்.

சரி, எது வளர்கிறது? என் மேசைக்கு வரும் புதுக் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. முறுக்கு, அதிரசம், கேக், திருமண அலங்காரம், கேட்டரிங், மாலை கட்டுதல், வாட்ஸ்அப்பிலும் டிக்டாக்கிலும் சேலை விற்பது. கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் பலகை மாட்டாமல் தாமான் வீட்டு வரவேற்பறையிலிருந்தே நடக்கும் வியாபாரங்கள் இவை. கடைத்தெருவை மட்டும் பார்ப்பவருக்கு ஊர் செத்துவிட்டதாகத் தோன்றும். வீடுகளுக்குள் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இவற்றில் எத்தனை ஐந்து ஆண்டுகள் தாங்கும் என்பதில் எனக்கு நிச்சயமில்லை. தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் கொழிக்கும் கணக்கு தைப்பூசம் முடிந்ததும் காய்ந்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அப்பாவின் கடைக்கு வழி இருந்தால் அது இந்தப் பெண்களோடு சேர்ந்துதான் இருக்கும் என்பது என் கருத்து. முறுக்கு சுடுபவருக்கு அரிசி மாவும் உளுத்த மாவும் வேண்டும். கேட்டரிங் செய்பவருக்கு வறுத்து அரைத்த மசாலா, மொத்த அளவில், சொன்ன நாளில் வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று தெரியாமல் இளம் பிள்ளைகள் நிற்கிறார்கள். அப்பா பட்டியல் பார்க்காமல் எடுத்துக் கட்டிக் கொடுப்பார். இந்த அறிவு மினி மார்க்கெட்டில் கிடைக்காது. பூசைச் சாமான், விசேஷச் சாமான், அரைத்த மசாலா, இந்த மூன்றுக்கு இடம் கொடுத்து, பிஸ்கட் சவர்க்கார அடுக்குகளைக் குறைத்து, சின்னக் கடையாக நடத்துவது ஒரு வழி. மசாலாவில் நிற்கும் இலாபம் டின் பாலில் நிற்பதைவிட மிக அதிகம், இதை எந்தக் கணக்கிலும் காட்ட முடியும். உங்கள் ஊரில் அதற்குப் போதுமான ஆள் இருக்கிறார்களா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கடைக்கு வரும் பெண்களிடம் அம்மாவே ஒரு மாதம் விசாரிக்கட்டும். அம்மாவிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

அதனால் வேலையை இப்போது விடாதீர்கள். மூன்று மாதம் அப்பாவை ஒவ்வொரு விற்பனையையும் நான்கு பிரிவாக எழுதச் சொல்லுங்கள்: கட்டுப்பாட்டு விலைப் பொருள், பாக்கெட் பொருள், மசாலாவும் பூசைச் சாமானும், மற்றவை. எந்தப் பிரிவில் எவ்வளவு நின்றது என்று பாருங்கள். மூன்றாவது பிரிவு மொத்த இலாபத்தில் பாதியைத் தொட்டால் பேச இடம் இருக்கிறது. தொடாவிட்டால், அப்பாவுக்குத் தெம்பிருக்கும் வரை அவர் பொழுதுபோக்காக நடத்தட்டும், நீங்கள் ஷா ஆலாமில் இருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

கடன் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனின் ஸ்பூமி திட்டம் இந்திய வியாபாரிகளுக்கானது, சிறு கடன் தரும் அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கென்றே பெண் என்ற திட்டம் இருக்கிறது. அரைக்கும் மில் வாங்க, பொட்டலம் கட்டும் கருவி வாங்க அப்படிக் கடன் எடுக்கலாம். அடுக்கை நிரப்பக் கடன் எடுக்கவே கூடாது; சரக்கு தீரும், தவணை தீராது. கூட்டுப் பணத்தில், அதாவது சீட்டுப் பணத்தில், தொடங்கலாம் என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நம் ஊர்களில் அது சாதாரணமாக நடக்கிறது, ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு 1971ஆம் ஆண்டிலிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. யாராவது எடுத்துக்கொண்டு ஓடினால் போலீசில் புகார் கொடுக்கவே தயங்க வேண்டிவரும்.

பழைய 555 நோட்டுகளை அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். வரக்கூடியது, வராதது என்று அவரே பிரிப்பார். வராததை எழுதித் தள்ளிவிட்டு, இனிக் கடன் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை வையுங்கள். முழுக்கக் கடனை நிறுத்தினால் இருக்கும் முதியவர்களும் போய்விடுவார்கள்.

எந்த முடிவு எடுத்தாலும் தள்ளிப்போடக் கூடாத ஒன்று உண்டு. கடை அப்பா ஒருவர் பேரில் மட்டும் பதிவாகியிருந்தால், அவருக்கு ஏதாவது ஆகும் நாளில் வங்கிக் கணக்கு முடங்கும், சரக்குக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்பார்கள், உரிமம் யாருக்கு என்ற கேள்வி வரும். அவர் நலமாக இருக்கும்போதே அம்மாவையோ உங்களையோ பங்காளியாகச் சேர்த்து எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவை மாற்றலாம். மாற்றம் செய்த 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுக் கட்டணம் கடைப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரில் என்றால் 30. கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் வியாபார உரிமம் தனி. அது எந்த மாதம் முடிகிறது என்று பார்த்து, அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மூன்று மாதக் கணக்கு கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.